மூன்றாவது லாச்சி

எங்கள் வீட்டு உறைபெட்டிக்கு இழுத்துத் திறக்கிற நான்கு லாச்சிகள். மேலே ஐஸ்கட்டியும் துருவிய தேங்காயும். இரண்டாவதில் ஆட்டிறைச்சி, கறிவேப்பிலை, றொட்டி. நான்காவதில் மனைவி என்ன வைத்திருக்கிறாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூன்றாவது லாச்சி மகளுடையது. அதற்குள் மீன் மட்டும்தான். நான் பிடித்த மீன். செதில் போக்கி, குடல் எடுத்து, தலையோடு, இரண்டிரண்டாகப் பையில் போட்டு, பையின் மேல் நீலப் பேனையால் திகதி எழுதி மனைவி அடுக்குவாள். அந்த லாச்சியை மகள் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. மூன்று வருடமாக அவள் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

மீனின் பெயர் பார்ஷ், ஜெர்மன் ஏரி மீன். கொடுவாய்க்கு ஒரு தங்கச்சி நன்னீரில் பிறந்து, குளிரில் விறைத்து, பெரிதாக வளராமல் போயிருந்தால் அப்படித்தான் இருக்கும். பச்சை உடம்பில் கறுப்புக் கோடுகள், யாரோ கோபத்தில் கிழித்த கோடுகள். வயிற்றுப் பக்கச் செட்டைகள் மட்டும் செக்கச்செவேல். முதுகு முள்ளை விரித்தால் கவனம் வேண்டும். குத்தினால் இரண்டு நாள் கடுக்கும். என் வலது உள்ளங்கையில் பழைய புள்ளிகள் ஏழெட்டு இருக்கின்றன. அந்த ஏரிக்கு என்னைத் தெரியும் என்பதற்கு வேறு சாட்சி இல்லை.

மகள் வீட்டை விட்டுப் போன அந்தக் கிழமை, மனைவி அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "அவள் வந்து இந்த மேசையிலை இருந்து சாப்பிடுமட்டும் நான் மீன் வாயிலை வைக்கமாட்டன்."

கற்பூரம் கொளுத்திச் செய்த நேர்த்திக்கடன் இல்லை அது. கோயிலுக்கே போகவில்லை. ஆனால் அவள் யார்? மீன் தலைக்காக என்னோடு சண்டை பிடிக்கிறவள். முள்ளை நாக்காலேயே பிரித்து எடுக்கிறவள். சாப்பிட்டு முடித்தால் சாப்பாட்டுக் கோப்பை ஓரத்தில் முள்ளெல்லாம் கழுவி வைத்ததுபோலக் கிடக்கும். அன்றிலிருந்து அவள் எனக்கு மீன் பொரித்து வைத்துவிட்டு, எதிரே இருந்து பருப்போடு சாப்பிட்டாள்.

நான் மீனைச் சாப்பிட்டேன். இதை எழுதத்தான் வேண்டும். பிழை விட்டவன் மீன் தின்ன, பிழை விடாதவள் விரதம் இருந்தாள். பிழை விடாதவள் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

ஜெர்மனியில் மீன் பிடிப்பதற்குப் பரீட்சை எழுதவேண்டும். ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். மகளுக்குப் பதினாலு வயதாக இருக்கும்போது அவள்தான் அந்த ஆசையைக் கொண்டுவந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய் வந்தார்கள், அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. நான் ஹம்பேர்க்கில் ஒரு மருத்துவமனையின் நிலக்கீழ்த் தளத்தில் வேலை செய்கிறவன். சத்திரசிகிச்சைக் கத்திகளும் கத்தரிகளும் அழுக்காக வரும், கழுவி, அவித்து, பொதி செய்து மேலே அனுப்பவேண்டும். கிழமைக்கு ஐந்து நாள் யன்னல் இல்லாத வேலை. வானம் தெரிகிற எந்த விளையாட்டுக்கும் நான் சம்மதித்திருப்பேன்.

இருவரும் சமையலறை மேசையில் படித்தோம். எனக்கு அந்தச் சட்ட ஜெர்மன் விளங்காது. அவள் வாசித்துத் தமிழாக்குவாள், பிறகு வாத்தியார் மாதிரிக் கேள்வி கேட்பாள்.

"நியாயமான காரணம் இல்லாமல் ஒரு மிருகத்தைக் கொல்லக்கூடாது. அப்பா, மீனுக்கு நியாயமான காரணம் என்ன?"

"பொழுதுபோக்கு."

"பெயில்! அப்பா பெயில்! சாப்பிடுறது. சாப்பிட ஆள் இருக்கோணும். பிடிச்சு, படம் எடுத்திட்டு, திரும்பத் தண்ணியிலை விடவும் ஏலாது. அளவான மீனெண்டால் வீட்டை கொண்டு வரோணும்."

"சின்னன் எண்டால்?"

"சின்னனை விடோணும். அதுக்கு வளர நேரம் குடுக்கோணும்."

அவள் பிழையே இல்லாமல் சித்தியடைந்தாள். நான் மயிரிழையில்.

படகு எனக்குப் பாதிதான் சொந்தம். மற்றப் பாதி ஒரு அண்ணைக்கு. பஸ் ஓட்டுகிறவர், என்னைவிடப் பத்து வயது மூப்பு. தினமும் அதிகாலையில் அவருடைய பஸ்ஸில்தான் நான் வேலைக்குப் போவேன். சாரதிக்குப் பக்கத்தில் நின்று கதைக்கக்கூடாது என்று எழுதிய பலகைக்குக் கீழே நின்றுதான் நாங்கள் சினேகிதரானோம். ஹம்பேர்க்கிலிருந்து ஒரு மணி நேர ரயில் தூரத்தில் ஏரி. மூன்று பேர் இருக்கலாம், நாலாவது ஆள் ஏறினால் தண்ணீரும் ஏறும், அப்படி ஒரு சின்ன வள்ளம். அண்ணை பின்னணியத்தில், நான் நடுவில், மகள் முன்னுக்கு. பதினொரு வருடம் அப்படிப் போனது. அண்ணை கொண்டுவருகிற றோல்ஸை மூவரும் ஒரே பேப்பரில் வைத்துத் தின்றோம். கை கழுவ ஏரி முழுக்கத் தண்ணீர்.

இப்போது நான் விட்ட பிழைக்கு, அந்தச் சொல்லுக்கு வரவேண்டும்.

மகளுக்கு இருபத்தைந்து வயதான ஒக்ரோபர் அது. தாயிடம் சொல்லிவிட்டாள். கூடப் படித்த பெடியன், இங்கேயே பிறந்தவன், எங்கட தமிழ்ப்பிள்ளை, தூரத்தில், தெற்கே எர்லாங்கனில் வேலை கிடைத்திருக்கிறது, தானும் அங்கே போகப் போகிறாள். மனைவி அன்றைக்கே எனக்குச் சொன்னாள். முகத்தில் சந்தோசம்தான். ஆனால் கதவடிக்குப் போனவள் திரும்பி வந்து, "எதுக்கும் ஒருக்கா விசாரிச்சுப் பாருங்கோ" என்றாள்.

விசாரிப்பு. எங்கள் சனத்துக்குக் கடவுச்சீட்டு மாறும், குடியுரிமை மாறும், நாக்கில் ஜெர்மன் ஏறும், பனியில் வழுக்காமல் நடக்கவும் பழகும். எல்லை கடந்தபோது பையிலிருந்ததையெல்லாம் எறிந்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். இந்த ஒரு கேள்வியை மட்டும் எந்த எல்லைக் காவலனும் கண்டுபிடிக்காத இடத்தில் வைத்துக் கொண்டுவந்துவிட்டோம். எந்த ஊர்? ஊரிலை எந்தப் பக்கம்? அந்தப் 'பக்கம்' கிழக்கும் மேற்குமில்லை. கேட்கிறவனுக்கும் தெரியும், சொல்கிறவனுக்கும் தெரியும்.

ஊர்ச் சனம் எல்லாரையும் தெரிந்த ஆள் அண்ணைதான். அவருக்குத்தான் போன் எடுத்தேன்.

"ஓம் தம்பி, தெரியும். தங்கமான பெடியன். என்ர பெரியம்மாவின்ர பேரன் எல்லோ. எங்கட பக்கம்தான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. எவ்வளவு நேரம்? தரிப்பில் பஸ் கதவு திறந்து மூடுகிற நேரம். அண்ணையின் ஆட்கள் கரையோரத்துச் சனம், கடலுக்குப் போகிறவர்கள். அது எனக்குப் பதினொரு வருடமாகத் தெரியும். தெரியும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த ஒரு கணத்தில் நினைத்தேன். அவர் அதைக் கேட்டார். என் மௌனத்தை.

"சரி தம்பி. நான் வைக்கிறன்."

அந்தச் சனிக்கிழமை நானும் மகளும் மட்டும் ஏரிக்குப் போனோம். ஒக்ரோபர் பார்ஷுக்கு நல்ல மாதம். தண்ணீர் குளிர, குஞ்சு மீன்கள் நடு ஏரியில் கூட்டம் கூடும். கீழே பார்ஷ் படை வளைத்து அவற்றை மேலே துரத்தும், மேலே கடற்புறாக்கள் காத்திருக்கும். இரண்டு பக்கமும் வாய். எங்கே பறவை வட்டமிடுகிறதோ அங்கே படகை விடவேண்டும். மகள் துடுப்பு வலித்தாள். நான் தங்கூசி நூலில் ரப்பர் மீனை இரையாகக் கட்டி எறிந்தேன். இழுத்தது. ஒரு முழ மீன். வாயிலிருந்து ஊசியைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள்.

"அப்பா, அம்மா சொன்னவவோ?"

"ஓம்."

"என்ன நினைக்கிறீங்கள்?"

கை மீனில், கண் மீனில். ஒரு கிழமையாக மனதுக்குள் உருட்டி வைத்திருந்த வசனம் அதுபாட்டுக்கு வழுக்கி வந்தது.

"நாங்கள் மீன் வாங்கித் தின்னுற சனம், பிள்ளை. பிடிக்கிற சனத்தோடை சம்பந்தம் வைக்கிற சனமில்லை."

துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. பறவைகள் கத்தின. மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தாள்.

"அப்பா, உங்கட கையிலை என்ன?"

மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. செதில் என் மணிக்கட்டு வரைக்கும். நான் சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரித்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அவள் துடுப்பைத் திருப்பிப் போட்டாள். கரை வரைக்கும் ஒரே மூச்சாக வலித்தாள், நான் வலிக்கட்டுமா என்று கேட்கக்கூட இடம் தராமல். இறங்கும்போது தன் தூண்டில் கம்பைப் படகுக்குள்ளேயே வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த இளவேனிலில் பதிவு அலுவலகத்தில் கலியாணம் நடந்தது. மனைவியின் ஒன்றுவிட்ட தங்கை அனுப்பிய போட்டோவில்தான் பார்த்தோம். வெள்ளைச் சட்டை. நல்ல பெடியன்தான். கமராவைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த ஒக்ரோபருக்குப் பிறகு அண்ணை ஏரிக்கு வரவில்லை. பஸ்ஸில் காலை வணக்கம் சொல்வார், ஜெர்மன் மொழியில். அதுவரைக்கும் அவர் எனக்கு ஜெர்மனில் வணக்கம் சொன்னதில்லை. பலகையில் எழுதியிருந்தபடி நான் கதைக்காமல் நின்றேன்.

குளிர்காலத்தில் படகைக் கரையில் கவிழ்த்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவோம். அப்படியிருந்தும் போனேன். ரயிலில் ஒரு மணி நேரம் போய், மரத்துறையில் நின்று, மெல்லிய ஐஸ் விளிம்பைக் காலால் உடைத்துவிட்டு, அடுத்த ரயிலில் திரும்பி வருவேன். ஆழக் குழிகளில் பார்ஷ் கூட்டமாக, அசையாமல் கிடக்கும் காலம் அது. பசி இருக்காது. செத்ததில்லை, ஆனால் கேட்டாலும் பதில் சொல்லாது.

இளவேனிலில் நாணல் ஓரத்தில் மூழ்கிக் கிடக்கிற கொப்புகளைப் பார்த்தால் பார்ஷ் முட்டை தெரியும். நீண்ட வெள்ளை நாடா, துளை துளையாக, யாரோ பின்னிக்கொண்டிருந்துவிட்டுப் பாதியில் எழும்பிப் போன லேஸ் போல. கொப்பில் சுற்றிவிட்டுத் தாய் போய்விடும். திரும்பிப் பாராது. அப்படித்தான் அதன் சாதி. மீனுக்குச் சாதி என்ற சொல்லைத் தமிழில் எவ்வளவு சுலபமாக எழுதிவிடலாம் பாருங்கள்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிறு. நான் படகைத் தள்ளுகிறேன், பின்னால் சைக்கிள் மணி. அண்ணை. கையில் பிளாஸ்க், கம்பு, றோல்ஸ் பொதி. நேரே வந்து பின்னணியத்தில் ஏறி இருந்தார்.

"அண்ணை..."

"வள்ளத்திலை பாதி என்ர. என்ர பாதியிலை நான் வந்து இருக்கிறன். நீர் உம்மட பாதியிலை இரும்."

நடு ஏரி வரைக்கும் நான் துடுப்பு வலித்தேன். பிறகு ஏரித் தண்ணீரைக் கையால் அள்ளி முகம் கழுவினார். கழுவிவிட்டு, "என்ன தம்பி, தண்ணியிலை தீட்டில்லையோ?" என்று கேட்டார்.

"அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"அதை என்னட்டைச் சொல்லி என்ன? நான் அறுபத்தைஞ்சு வயசுக்காரன், எத்தினையைக் கேட்டிட்டன். எனக்குத் தோல் தடிச்சுப் போச்சு, பார்ஷ் மாதிரி. சொல்ல வேண்டிய இடம் எர்லாங்கனிலை இருக்கு."

"போன் எடுக்கிறாள் இல்லை."

"எடுக்கமாட்டாள். உம்மட பிள்ளை எல்லோ." றோல்ஸ் பொதியைப் பிரித்தார். ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு, பேப்பரை என் பக்கம் தள்ளினார். "தின்னும். பிடிக்கிற சனம் சுட்டதுதான். பரவாயில்லையோ?"

மகள் சொல்லித்தான் அவருக்கு அந்த வசனம் தெரிந்திருக்கிறது. நான் றோல்ஸை எடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், நான் முழுவதையும் விழுங்கும் வரைக்கும். அதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. அதைவிடப் பெரிதாக அவர் ஒன்றும் தரவில்லை, இன்றுவரை.

அதற்குப் பிறகு கோடை, இலையுதிர், குளிர், திரும்பக் கோடை. வருடம் சுற்றுவது படகிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். கோடையில் கரை ஓரத்திலேயே பார்ஷ் பாயும், சின்ன மீன்கள் வெள்ளிச் சில்லறை எறிந்தமாதிரித் தண்ணீருக்கு மேலே சிதறும். ஓகஸ்ட்டில் பாசி பூத்துத் தண்ணீர் பச்சைச் சொதியாகிவிடும், ஒன்றும் தெரியாது. செப்டெம்பரில் தெளியும். ஒவ்வொரு நல்ல மீனையும் நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவி செதில் போக்கினாள். பார்ஷ் செதில் லேசில் கழலாது, கத்தியின் முதுகால் சுரண்டவேண்டும், குசினிச் சுவரெல்லாம் பறக்கும். இரண்டு எனக்குப் பொரிப்பாள். மிச்சம் மூன்றாவது லாச்சிக்கு. மகளுக்குக் கன்னச்சதை விருப்பம், அதனால் தலை வெட்டமாட்டாள். கார்த்திகை விளக்கீட்டுக்கு முன் லாச்சியைத் துப்புரவாக்கி, ஒரு வருடம் தாண்டிய பைகளை என்னிடம் அண்ணைக்குக் கொடுத்தனுப்புவாள்.

"உங்கட வீட்டு விரதத்தை எங்கட வீட்டிலை தின்னுறம்" என்பார் அண்ணை. "மனிசிக்குச் சொல்லும், நேர்த்தி மீன் நல்லாத்தான் இருக்குதாம்."

மகளின் கம்பு படகுக்குள் ஆசனத்துக்குக் கீழே கிடந்தது. குளிர்காலத்தில் வீட்டுக்குக் கொண்டுவருவேன், மேயில் திரும்பக் கொண்டுபோவேன். அவள் கடைசியாகக் கட்டிய முடிச்சு அவிழ்க்கப்படாமல் அப்படியே. அண்ணை ஒருநாள், "அந்தத் தங்கூசி உக்கிப் போச்சுது, மாத்தும்" என்றார். நான் மாற்றவில்லை. அவரும் பிறகு சொல்லவில்லை.

போன செப்டெம்பர். காற்றில்லாத நாள். அண்ணை அன்றைக்கு அதிகம் பகிடி விடவில்லை, பிளாஸ்க்கைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"வள்ளத்துக்கை சொன்னது கரைக்குப் போகாது, என்ன தம்பி?"

"சொல்லுங்கோ அண்ணை."

"பெட்டைக்குப் பிள்ளை பிறந்திருக்கு. பொம்பிளைப் பிள்ளை. ரெண்டு மாதமாகுது. உமக்குச் சொல்ல வேண்டாமெண்டு சொன்னவள்." பிளாஸ்க்கை மூடினார். "வாற மாதம் இஞ்சை கொண்டு வருகினம், மாமிக்காரிக்குக் காட்ட. உம்மட வீட்டிலையிருந்து நாலு எஸ்-பான் ரயில் தரிப்பு."

தூண்டில் இழுத்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அது இழுப்பதை. அண்ணைதான் எட்டி எடுத்து மீனை ஏற்றினார்.

வள்ளத்துக்குள் சொன்னது கரைக்குப் போனது. அன்று மாலையே மனைவியிடம் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். உறைபெட்டியைத் திறந்து மூன்றாவது லாச்சியை இழுத்துப் பைகளை எண்ணினாள். பிறகு மூடிவிட்டுச் சொன்னாள்:

"அண்ணையைக் கொண்டு கேப்பிப்பம். சனிக்கிழமை மத்தியானம் அவள் பிள்ளையோடை சாப்பிட வரட்டும். நீங்கள் நிக்கவேண்டாம்."

"நான்?"

"நீங்கள் ஏரிக்குப் போங்கோ. அப்பா நிக்கமாட்டார் எண்டு அண்ணையைச் சொல்லச் சொல்லுங்கோ. நீங்கள் நிண்டால் அவள் வரமாட்டாள்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல? பேத்தி வீட்டுக்கு வருவதற்கு நான் செய்யக்கூடிய ஒரே உதவி, வீட்டில் இல்லாமல் இருப்பது. அண்ணை செய்தியைக் கொண்டுபோனார். 'பாப்பம்' என்றாளாம். பாப்பம் என்றால் இல்லை என்றில்லை. அந்தச் சொல்லை நாங்கள் இருவரும் மூன்று கிழமை மென்றோம்.

அந்தச் சனிக்கிழமை விடியவே மனைவி மீனை வெளியே எடுத்து வைத்துவிட்டாள். கடைசியாகப் பிடித்தவை, பெரியவை, ஆறு. மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் பூசினாள். நான் காலணி போடும்போது பார்த்தேன், புதுச் சீலை. "ரயில் பிந்தும், போங்கோ போங்கோ" என்று என்னைத் தள்ளாத குறை.

அண்ணை அன்றைக்கு மகளின் மாமியார் வீட்டில், பிள்ளை பார்க்க. நான் தனியே படகை இறக்கினேன். அப்படி ஒரு நாளை நான் கண்டதில்லை. எறிந்த இடமெல்லாம் மீன். பறவைகள் படகைச் சுற்றியே விழுந்து எழுந்தன. ரப்பர் மீன் தண்ணீரைத் தொடுமுன்னமே கம்பு வளைந்தது. பதினாலு வருடத்தில் ஏரி எனக்கு ஒருநாளும் தராததையெல்லாம் அந்த இரண்டு மணித்தியாலத்தில் அள்ளி எறிந்தது. நான் பிடித்தேன், ஊசியைக் கழற்றினேன், திரும்ப விட்டேன். எல்லாம் அளவான மீன். சட்டப்படி பிழை. காவலர் யாராவது கண்டிருந்தால் அனுமதிச் சீட்டே போயிருக்கும். சாப்பிட ஆள் இருக்கோணும், அப்பா.

பன்னிரண்டு மணி. ஒரு மணி. கைபேசியை ரப்பர் உறைக்குள் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தேன். மனைவியிடமிருந்து ஒன்றுமில்லை. இரண்டு மணி. ஒன்றுமில்லை. வரவில்லை என்றால் சொல்லியிருப்பாள். சொல்லாததால், வந்திருக்கிறாள். பிள்ளையை மடியில் வைத்திருக்கிறவளுக்குக் கைபேசி எடுக்க எங்கே நேரம்? ஒவ்வொரு நிமிடமும் அந்த மௌனம் கொழுத்தது. மகள் கதிரையில் இருக்கிறாள், கன்னச்சதையைத் தோண்டுகிறாள், மனைவி மூன்று வருடத்துக்குப் பிறகு முள்ளை நாக்கால் பிரிக்கிறாள். எனக்குத் தெரியும், நான் எல்லாவற்றையும் பார்த்தேன், நடு ஏரியில் இருந்துகொண்டு.

மூன்று மணிக்குப் பிறகு பிடித்த இரண்டு மீனை நான் விடவில்லை. கட்டையால் தலையில் ஒரே அடி, பிறகு கத்தி, படித்தபடி. இனிமேல் வீட்டில் சாப்பிட ஆள் இருக்கிறது என்று. அப்போது மகளின் கம்பையும் எடுத்துப் பார்த்தேன். தங்கூசியை இழுத்தேன். முடிச்சுக்குக் கிட்ட, பஞ்சு போல, சத்தமே இல்லாமல் விட்டுப் போனது. பரவாயில்லை, புதிது போடலாம் என்று நினைத்தேன். உண்ணாணை, சந்தோசமாகத்தான் நினைத்தேன்.

அவர்களுக்கு இன்னும் நேரம் கொடுக்கவேண்டும் என்று வந்த ரயிலை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினேன். எங்கள் கட்டடத்துக்குக் கீழே வந்து நிற்க ஆறு மணி, இருட்டத் தொடங்கியிருந்தது. மூன்றாம் மாடியில் குசினி வெளிச்சம். இன்னும் நிற்கிறார்களாக்கும். சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். இரண்டு மீனும் பையில். மேலே யாரோ யன்னலைக் கடப்பதுபோல இருந்தது. கடைசியில் குளிர் தாங்க ஏலாமல்தான் படி ஏறினேன்.

மேசையில் நாலு கோப்பை. மூன்று வெறும் கோப்பை, கவிழ்த்தபடி. பிள்ளைக்கென்று எங்கிருந்தோ வாங்கிய ஒரு சின்னப் பிளாஸ்டிக் கோப்பை, மஞ்சள் நிறம். மூன்று மாதப் பிள்ளை சோறு தின்னாது என்று அவளுக்குத் தெரியாதா? பொரித்த மீன் நடுவில், ஒன்றும் தொடப்படாமல், எண்ணெய் உறைந்து.

"மூண்டு மணிக்கு மெசேச் வந்தது" என்றாள் மனைவி. "ரயிலுக்கை இருக்கினமாம்."

"எந்த ரயில்?"

"எர்லாங்கன் ரயில். வேறை எந்த ரயில்?"

"வேறை என்ன எழுதினவள்?"

"பிள்ளை நித்திரையாம்."

நான் ஜாக்கெட்டைக் கழற்றாமல் நின்றேன். "நான் நிக்கமாட்டன் எண்டு அண்ணை வடிவாச் சொல்லேல்லையோ?"

"சொன்னவர். அவளுக்குத் தெரியும் நீங்கள் நிக்கேல்லை எண்டு." ஒரு கோப்பையை நிமிர்த்தினாள். "உங்களோடை மட்டும்தான் கோவமெண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். விசாரிக்கச் சொன்னது நான்தானே. அதையும் நீங்கள்தானே அவளுக்குச் சொன்னனீங்கள்."

சொன்னேன். அந்த ஒக்ரோபரில், மகள் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கும்போது, கதவடியில் நின்று. நானாக இல்லை, அம்மாதான் கேக்கச் சொன்னவ என்று. அந்த நேரத்தில் எனக்கொரு துணை தேவைப்பட்டது.

மனைவி உட்கார்ந்தாள். சோறு போட்டாள், ஆறிய சோறு. மீன்களைப் பார்த்து, பெரியதாக ஒன்றை எடுத்துக் கோப்பையில் வைத்தாள். எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"இஞ்சாரும்" என்றேன். "நேர்த்தி..."

அவள் கன்னத்தைத்தான் முதலில் தோண்டினாள். வாயில் வைத்தாள். மூன்று வருடத்துப் பழக்கமின்மை ஒன்றும் தெரியவில்லை. முள் முள்ளாக வெளியே வந்தது, சுத்தமாக, கோப்பை ஓரத்தில் வரிசையாக.

"உப்புக் காணாது" என்றாள். "பையிலை என்ன? மீனே? அதை இண்டைக்கு வெட்ட என்னாலை ஏலாது. அண்ணையிட்டைக் குடுங்கோ."

முழு மீனையும் சாப்பிட்டாள். பிறகு இன்னொன்று. அவள் அழுதிருந்தால் நான் பக்கத்தில் போய் இருந்திருப்பேன். பசியோடு சாப்பிடுகிற ஆளுக்குப் பக்கத்தில் என்ன செய்வது?

செவ்வாய்க்கிழமை வேலையால் வந்து ஐஸ்கட்டி எடுக்கப் போனபோது மூன்றாவது லாச்சி கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. சரியாக மூடாமல் விட்டால் ஐஸ் பிடித்துவிடும். தள்ளிப் பார்த்தேன், போகவில்லை. இழுத்துப் பார்த்தேன், மீன் பை ஒன்றுகூட இல்லை. பிரதான ரயில்நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிய மரவள்ளிக்கிழங்குப் பொதிகள், இரண்டு பை பச்சைப் பட்டாணி, ஒரு பெட்டி கீரை. ஓரத்துப் பொதி ஒன்று குறுக்காகக் கிடந்தது. அதை நேராக வைத்து மூடினேன்.